மானிட்டர் வேண்டாம் என்றேன்

வேலை போகப்போகிறது என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்குச் சொன்னார்கள். வீடியோ காலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என் மேலாளர்; கேமராவை அணைத்து வைத்திருந்தார். இன்னொருவர் அதுவரை நான் பார்த்திராத ஒரு பெண்மணி. என் வேலையில் எந்தக் குறையும் இல்லை என்று அவர் மூன்று முறை சொன்னார். நாங்கள் சோதித்துக் கொடுத்துக்கொண்டிருந்த மென்பொருளை வாங்கிவந்த வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை நிறுத்திக்கொண்டுவிட்டதாம். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் என் பொறுப்புகளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் லாகின் மூடப்படும். மறுநாள் கூரியர்காரர் வீட்டுக்கே வந்து லேப்டாப்பை வாங்கிக்கொள்வார்.

“ஏதாவது கேட்கணுமா?” என்றார் அந்தப் பெண்மணி.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அதை அவரிடம் கேட்க முடியாது. “ஒண்ணும் இல்லைங்க” என்றேன்.

பதினோரு வருடம் அந்த நிறுவனத்தில் இருந்தேன். முதல் ஆறு வருடம் சென்னையில். ஊரடங்கில் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது திருவண்ணாமலைக்கு வந்துவிட்டோம். என் மனைவிக்கு கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. வேங்கிக்காலில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்தோம். அவள் காலையில் பஸ் ஏறிப்போவாள். மகள் நாலாம் வகுப்பு; பள்ளி வேன் வாசலுக்கே வரும். அதன்பிறகு மாலைவரை நானும் லேப்டாப்பும்தான். சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் அந்த லேப்டாப் என் மனைவியுடையது. தன் மாணவர்களுக்கான வினாத்தாள்களையும் பயிற்சித்தாள்களையும் அதில்தான் அடிப்பாள். கம்பெனி லேப்டாப்பில் சொந்த வேலை செய்யக்கூடாது என்று விதி உண்டு. யாரும் கேட்டதில்லை, நாங்களும் கவலைப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுவது என்றுதான் மாலைவரை காத்திருந்தேன். அவள் உள்ளே வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. பிடரியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கும் வலிக்குதா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த அக்கறை என் வாயை அடைத்துவிட்டது. மூன்று வாரத்தில் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் ஒன்றாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு வழி சொல்லிக்கொண்டேன். புத்திசாலித்தனமான வழியாகத்தான் அன்று தோன்றியது.

கழுத்து வலி பொய்யில்லை. பதினாலு இன்ச் திரையைக் குனிந்து பார்த்துப் பார்த்து, இரண்டு வருடமாக வலது தோள்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்:

“எங்க கம்ப்யூட்டர் டீச்சர்கிட்ட கேட்டேன். ஸ்க்ரீன் கண்ணுக்கு நேரா இருக்கணுமாம். ஒரு மானிட்டர் வாங்கி லேப்டாப்போட சேத்துட்டா போதும்னு சொன்னாங்க. நான் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். இன்னிக்கே போய் வாங்கிடலாம்.”

இரண்டரை வாரத்தில் லேப்டாப் போய்விடும். அப்புறம் அந்த மானிட்டரை எதோடு சேர்ப்பது?

“மானிட்டர் வேணாம்” என்றேன்.

“ஏன்?”

“வாங்கறதா இருந்தா டெஸ்க்டாப்பா வாங்கிடலாம்.”

தோசைக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். “லேப்டாப் இருக்கும்போது இன்னொரு கம்ப்யூட்டர் எதுக்குங்க? கழுத்து வலிக்குத்தானே வாங்கறோம்?”

“பாப்பா படிக்க உதவும்.”

“அவ நாலாவது படிக்கிறா.”

“டெஸ்க்டாப்னா ரிப்பேர் ஆனாலும் ஒவ்வொரு பார்ட்டா மாத்திக்கலாம். பத்து வருஷம் வரும்.”

“கரண்ட் போனா? லேப்டாப்னா பேட்டரில ஓடும். டெஸ்க்டாப் மீட்டிங் நடுவுல பொட்டுனு நின்னுடும். அதுக்கு யூபிஎஸ் வேற வாங்கணும். செலவும் ஜாஸ்தி. அதோட, ஆபீஸ் வேலைய சொந்த கம்ப்யூட்டர்ல செய்ய விடமாட்டாங்கனு நீங்கதானே ஒரு தடவ சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். அவள் கணக்கு ஆசிரியை. ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகமாட்டாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது. அதனால் அவள் சரியான வழியில் தப்பான விடைக்கு வந்துகொண்டிருந்தாள். நானோ சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு வழி காட்ட முடியாமல் நின்றேன்.

“சரி, கடையில போய் கேட்டுடலாம்” என்று அடுப்பை அணைத்தாள்.

தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம்தான் நாங்கள் எப்போதும் போவோம். ஐம்பது வயதிருக்கும். பொருளை விற்பதைவிட விளக்கிச் சொல்வதில் அவருக்கு ஆர்வம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தெருவெல்லாம் ஆந்திரா, கர்நாடகா வண்டிகள். ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடியே கால்மணி நேரம் போயிற்று. அந்தக் கால்மணி நேரமும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் பாய் ஒரு இருபத்துநாலு இன்ச் மானிட்டரை எடுத்து வைத்தார். கடையில் இருந்த ஒரு லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு கேபிளைச் செருகினார். “இவ்வளவுதான் மேடம். லேப்டாப்ப மூடியே வெச்சிடலாம். கீபோர்டு, மவுஸ் தனியா குடுத்துடறேன். சார், இப்படி உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மானிட்டருக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து உயர்த்தினார். என் மனைவி பக்கவாட்டில் நின்று, வீட்டில் குழாய்க்காரர் குழாய் பதிக்கும்போது பார்ப்பதுபோல, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “பாருங்க பாய், கழுத்து நேரா வந்துடுச்சு” என்று என் பிடரியில் கை வைத்தாள். கடையில் யாரும் இல்லாமல் இருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

“ஆனா இவரு டெஸ்க்டாப்தான் வேணும்ங்கறாரு” என்றாள்.

“அதுவும் நல்லதுதான். கம்பாரிசன் பண்ணிப் பாக்கணும்னா முதல்ல ஒண்ணு சொல்லுங்க சார்” என்று பாய் என் பக்கம் திரும்பினார். “வீட்ல இருக்கற லேப்டாப் உங்களுதா, கம்பெனி குடுத்ததா?”

“என்னோடதுதான்” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

“என்னங்க, கம்பெனிதுதானே அது? கீழ ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கே?” என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

பாய் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “கம்பெனிதுன்னா கொஞ்சம் யோசிக்கணும் மேடம். நாளைக்கே வேலை மாறினா திருப்பிக் கேப்பாங்க இல்ல? அப்போ மானிட்டர் மட்டும் தனியா நிக்கும்” என்றார்.

இரண்டு மணி நேரமாக நான் தேடிக்கொண்டிருந்த வாதம் அது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

“பதினோரு வருஷமா இருக்காரு பாய். இவரு எங்க மாறப் போறாரு?” என்றாள் என் மனைவி. அவள் குரலில் பெருமை இருந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்று, “பாய், நீங்க பொருளக் காட்டுங்க. என் வேலை மாறுமா மாறாதானு உங்கள யாராவது கேட்டாங்களா?” என்று கத்தினேன். மெமரி கார்டு வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கையில் இருந்த கேபிளை மெல்லச் சுருட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே அவள் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க பாய். அவருக்கு வேலைல டென்ஷன் ஜாஸ்தி.”

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம். கலெக்டர் ஆபீஸ் நெருங்கும்போது பின்னாலிருந்து, “சரி, டெஸ்க்டாப்பே வாங்கிக்கோங்க. நான் எதுவும் சொல்லல” என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இப்போது வண்டியைத் திருப்பினால் போதும். ஆனால் அவள் சேர்த்து வைத்ததை ஒரு பொய்யின்மேல் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. “எதுவுமே வேணாம், விடு” என்றேன்.

அடுத்த நாட்களில் வீட்டில் நான் வேலை செய்வதுபோல நடித்தேன். காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு மேசைமுன் உட்கார்வேன். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு கோப்புறைக்கு எனக்கு அனுமதி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் பொறுப்புகளில் மிச்சமிருந்ததை ஏற்கப்போகிறவருக்கு நானே வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு இது எதுவும் தெரியாது. நான் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். இரண்டு இடத்தில் இன்டர்வியூ கொடுத்தேன். ஒன்றுக்கு, ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்வந்தேன். போகும்போது வழியில் சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தாள். திரும்பி வந்ததும், “மீட்டிங் நல்லா போச்சா?” என்றாள். “போச்சு” என்றேன். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

அவள் கவனிக்காமல் இல்லை. ஒருநாள் காலை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடுங்க” என்றாள். அவள் நோயை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். “தூக்கம் கம்மி, அவ்வளவுதான்” என்றேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இறங்கிப் போய்விட்டாள்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. மதியத்துக்குமேல் எனக்கு வேலையே இல்லை. எல்லோருக்கும் விடைபெறும் கடிதம் அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் சொல்லிவிடுவது, ஆறு மணிக்கு லாகின் மூடியதும், மகளை விளையாட அனுப்பிவிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஐந்தரைக்கு வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆட்டோக்கார அண்ணன் ஒரு பெரிய தட்டையான அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். “பாத்துண்ணா, கண்ணாடி” என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த மகள் கத்திக்கொண்டே படியேறி வந்தாள். “அப்பா! பெரிய டிவி!”

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே ஏறிவந்த என் மனைவி கையை உயர்த்தினாள்.

“பேசாம இருங்க. வேணாம்னுதான் சொல்வீங்க, எனக்குத் தெரியும். உங்களுக்காக நான் செலவு பண்ணக்கூடாதுனுதானே டெஸ்க்டாப் கிஸ்க்டாப்னு இழுத்தீங்க? மூணு வாரமா உங்க மூஞ்சியப் பாக்க முடியல. வலிய வெச்சிக்கினு ஏன் உக்காந்திருக்கணும்?”

“நாளைக்குப் பாத்துக்கலாமே” என்றேன்.

“இப்பவே மாட்டணும்.”

மகள் தெர்மாகோலை உடைத்து அறையெல்லாம் வெள்ளை மணிகளாக்கினாள். மனைவி மேசையைத் துடைத்தாள். மானிட்டரை அதன் காலில் பொருத்தி நிமிர்த்தினோம். சுவர் கடிகாரத்தில் ஆறுக்குப் பதினான்கு நிமிடம் இருந்தது. கேபிளின் முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற நான் தேவைக்குமேல் நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, தானே இழுத்து, தானே செருகினாள். திரை ஒருமுறை கறுத்து, பிறகு வெளிச்சமாக விரிந்தது. மகள் கைதட்டினாள்.

“என் ஒன்பதாம் கிளாஸ் பேப்பர் ஒண்ணத் தொறங்க. எழுத்து எப்படித் தெரியுதுனு பாக்கலாம்.”

திறந்தேன். வர்க்கமூலக் குறிகளும் பின்னங்களும் விரல்நீளத்துக்குத் தெரிந்தன. அவள் முகம் அப்படியே மலர்ந்தது. “ஐயோ, எவ்வளவு தெளிவா இருக்கு! எண்ணு தலைமேல வர்ற இந்தச் சின்னப் பவரெல்லாம் நான் கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாத்துப் பாத்து அடிச்சேனே.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மவுஸை உருட்டி, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தாள். ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவை எல்லாம் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன. மூன்று வாரமாக என் விண்ணப்பங்களை, சான்றிதழ்களை, சம்பளச் சீட்டுகளை எல்லாம் நினைவாக எடுத்து வைத்துக்கொண்டேன். இவளுடையதை எடுக்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும் பென் டிரைவ் மேசை டிராயரில் கிடந்தது. அதில் கடைசியாக அடித்த ஓரிரண்டு தாள்கள்தான் இருக்கும்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து.

பென் டிரைவை எடுத்துச் செருகினால் மூன்று நிமிட வேலை. ஆனால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சொன்ன நேரத்துக்கேவா மூடுவார்கள், ஏழு மணி, எட்டு மணி ஆகலாம் என்று நினைத்தேன். திங்கள்கிழமைவரைகூடத் திறந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவள் பின்னால் நின்றுகொண்டு, திரையின் மூலையில் எண் மாறுவதைப் பார்த்தபடி இருந்தேன். ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தொன்பது ஆனபோது டிராயரைத் திறந்து கையை உள்ளே விட்டேன். ரப்பர் பேண்டு, பழைய சாவி, பேனா மூடி. பென் டிரைவ் கையில் தட்டுப்பட்டபோது, “என்னங்க இது?” என்ற அவள் குரல் கேட்டது.

திரையில் வினாத்தாள் இல்லை. நீலப் பின்னணியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி மட்டும் இருந்தது: இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்.

“நெட் போச்சா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் ஒரு நாள் ஓடியிருக்கும்.

“நெட் போகல. எனக்கு வேலை போச்சு.”

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளிடம், “பாப்பா, கீழ ஆன்ட்டி வீட்டுக்குப் போய் விளையாடு. அம்மா கூப்பிடறேன்” என்றாள். மகள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

“எப்போ?”

“சொல்லி மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்குதான் கடைசி நாள்.”

“அப்போ கடைக்குப் போனப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“பாய்கிட்ட கத்தினது அதுக்குத்தான்.”

“ஆமா.”

“நான் அங்க நின்னு, பதினோரு வருஷமா இருக்காருனு பேசிக்கினு இருந்தேன்.” குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “உங்களுக்கு ஏதோ பெரிய வியாதினு நெனச்சு நான் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன், தெரியுமா?”

நான் தரையில் கிடந்த வெள்ளை மணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே கேட்டாள். “என் பேப்பர் எல்லாம்?”

“அதுக்குள்ளதான்.”

“தொறக்க முடியாதா?”

“முடியாது. நாளைக்கு எடுத்துக்கினு போயிடுவாங்க.”

“உங்களுக்கு மூணு வாரம் முன்னாடியே...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. எழுந்து கேபிளைப் பிடுங்கினாள். அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் பௌர்ணமி. காலையிலிருந்தே வேலூர் ரோட்டில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. லேப்டாப்பையும் சார்ஜரையும் ஒரு பையில் போட்டு வாசலருகே வைத்திருந்தேன். என் மேலாளருக்குப் போன் செய்து, மனைவியின் கோப்புகள் உள்ளே இருக்கின்றன, பத்து நிமிடம் திறந்துவிட முடியுமா என்று கெஞ்சினேன். விடுமுறை நாளிலும் எடுத்துப் பேசினார். யார் யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். முடியாது, சொந்தக் கோப்புகள் அதில் இருந்திருக்கவே கூடாது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

பத்து மணிக்கு வர வேண்டிய கூரியர்காரர் பன்னிரண்டு மணிக்கு அழைத்தார். “சார், போலீஸ் வண்டிய பைபாஸ்லயே நிறுத்திட்டாங்க. நடந்துதான் வரணும். கொஞ்சம் லேட்டாகும்.” அன்று முழுவதும் அந்தப் பை வாசலில் இருந்தது. என் மனைவி அதைத் தாண்டித் தாண்டிப் போய்த் துணி காயவைத்தாள், தண்ணீர் பிடித்தாள். ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகளிடம் மட்டும் பேசினாள். நாலு மணிக்கு அவர் வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அவள்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மலை சுற்றப் போகிறவர்களுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனார்.

மேசையில் மானிட்டர் மட்டும் நின்றது.

திங்கள்கிழமை காலை அவளும் மகளும் போனபின் பாய் கடைக்குப் போனேன். அவர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். மானிட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டேன்.

பாய் எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, தானும் உட்கார்ந்தார். “அன்னிக்கு நீங்க என்னோடதுன்னு சொன்னப்பவே எனக்கு டவுட்டு வந்துச்சு சார். மேடம் எதிர்ல நான் வேலையப் பத்திப் பேசியிருக்கக் கூடாது. அவங்க திரும்ப வந்து மானிட்டர் கேட்டப்போ சொல்லலாமானு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அது என் வாயால வரக்கூடாதுனு விட்டுட்டேன். வேணாம்னா எடுத்துக்கறேன். ஆனா எதுக்கு? டெஸ்க்டாப்ல பாதி உங்க வீட்ல இருக்கு. மீதிப் பாதி என்கிட்ட இருக்கு.”

ஒரு ஆபீசில் பழையதை மாற்றியபோது வந்த சின்ன சிபியு ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து தூசி தட்டினார். புது ஹார்டு டிஸ்க் போட்டுக் கொடுத்தார். கீபோர்டையும் சேர்த்துக் கொடுத்தார். எதற்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலை அவள் வந்தபோது எல்லாம் இணைத்து வைத்திருந்தேன். “இது உனக்கு” என்றேன். தோள்பையை மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அடுத்த நாள் பள்ளியிலிருந்து வரும்போது பையில் ஒரு கட்டு இருந்தது. பழைய வினாத்தாள்களின் அச்சுப்பிரதிகள். மாணவர்களிடமும் சக ஆசிரியர்களிடமும் தேடி வாங்கியவை. சிலவற்றில் மதிப்பெண் போட்டிருந்தது, சிலவற்றில் எண்ணெய்க் கறை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அடித்துக் கொடுங்கள் என்று சொல்லவில்லை.

அதை நான் அடித்தேன். காலையில் வேலைக்கு விண்ணப்பிப்பேன். மதியம் முழுவதும் கணக்குத்தாள். பின்னத்தை எப்படிப் போடுவது, வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலத்தை எப்படி நுழைப்பது என்று முதல் வாரம் திணறினேன். ஒரு தாளை முடிக்க எனக்கு ஒரு மதியம் ஆனது. இப்படி எத்தனை தாள்களை அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் அடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முடித்தவற்றை அச்செடுத்து மேசையில் வைப்பேன். காலையில் பார்த்தால் சிவப்பு மையில் திருத்தங்கள் இருக்கும். இரண்டு வாரம் அந்தச் சிவப்பு மை மட்டும்தான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். “அது மைனஸ்” என்றாள். மாற்றினேன். போகாமல் நின்றாள்.

“வேலை போனது உங்க தப்பு இல்ல. அதுக்கு நான் கோவப்படல” என்றாள். “வேலை போனா சேந்து சமாளிக்கலாம். ஆனா என் பக்கத்துல நின்னுக்கினு மூணு வாரம் என்னை ஏமாத்தினீங்களே, அது எனக்கு இன்னும் போகல. எப்போ போகும்னு தெரியல.”

“போகலைனாலும் பரவாயில்ல. நான் சொல்லாம விட்டது தப்புதான்.”

“தப்புதான்” என்றாள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கட்டிலிருந்து அடுத்த தாளை எடுத்து எனக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். அவள் படிக்கப் படிக்க நான் அடித்தேன். அன்று மூன்று தாள் முடிந்தது.

ஏழு மாதம் கழித்து வேறொரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் கம்மி. வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்குப் போய்வர வேண்டும். நேர்காணலுக்குக் கிளம்பும்போதே அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். கிடைக்காமல் போன நான்கு இடங்களையும் சொல்லியிருந்தேன். அவளுடைய வினாத்தாள்களில் பாதிக்குமேல் திரும்பி வந்துவிட்டன. முதல் இரண்டு வருடத்தில் அடித்தவற்றுக்கு யாரிடமும் பிரதி இல்லை. அவற்றைப் பற்றி அவள் பேசுவதில்லை. எப்போதாவது ஒரு கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது, “இத விட நல்லதா ஒண்ணு போட்டிருந்தேன், ஞாபகம் வரமாட்டேங்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பக்கத்து அறையில் இருக்கும் எனக்கு அது கேட்கும்.